ஸனது இல்லாத மருந்து: மலேரியாவும் மூலிகைச் சோதனையும்





நம் முஹல்லாவில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். மேற்கு ஆப்பிரிக்காவில் வணிகம் செய்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர் ஒருவர், வந்த பத்தாம் நாள் குளிர்க்காய்ச்சலில் படுத்தார். வீட்டார் அஞ்சவில்லை, கைப்பேசியில் மருந்து தயாராக இருந்தது. நோபல் பரிசு பெற்ற மூலிகை இது, மலேரியாவை மூன்று நாளில் வேரறுக்கும், மருந்து நிறுவனங்கள் இதை நம்மிடமிருந்து மறைக்கின்றன என்று கூறும் செய்தி அது. படத்தில் ஒரு செடியும், கீழே கஷாயம் வைக்கும் முறையும் இருந்தன. பெரியம்மா ஒருவர் நாட்டு மருந்துக் கடையில் இலை வாங்கிவந்து காய்ச்சிக் கொடுத்தார். மறுநாள் காய்ச்சல் தணிந்தது. வீடு முழுவதும் அல்ஹம்துலில்லாஹ் என்றது. எங்கள் பிள்ளைக்குக் குணமாயிற்று என்ற சாட்சியுடன் அச்செய்தி மேலும் பல குழுமங்களுக்குப் போயிற்று.

ஐந்தாம் நாள் இளைஞரின் கண்கள் மஞ்சளாயின, சிறுநீர் கறுத்தது, பேச்சு குழறியது. மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது ஃபால்சிபாரம் வகை மலேரியா என்று தெரிந்தது. நரம்பு வழியே ஆர்டிசுனேட் ஊசி ஏற்றினார்கள். இரண்டு வாரத்துக்குப் பின், அல்லாஹ்வின் அருளால், அவர் நடந்து வீடு வந்தார். அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவிழந்து கிடந்த நாள்களிலும், அவர் குணமானதாகச் சொன்ன அந்தச் சாட்சி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் திரும்பப் பெற எவருக்கும் தோன்றவில்லை.

இதில் நம்மை உறங்கவிடாத செய்தி இன்னொன்று. அவரைக் காப்பாற்றிய ஊசி மருந்தின் மூலமும் ஒரு மூலிகையே. கைப்பேசிச் செய்தி பெயர் சொன்ன அதே மூலிகை. அப்படியானால் ஒன்று காப்பாற்றியது ஏன், மற்றொன்று கைவிட்டது ஏன்? சோதனை என்ற ஒரே சொல்லில் விடை அடங்கியிருக்கிறது. அந்தச் சொல்லை நம் சமுதாயம் அலட்சியம் செய்கிறது என்பதே நம் குற்றச்சாட்டு. அதை மென்மையாகச் சொல்ல நாம் விரும்பவில்லை.

ஹதீஸுக்கு ஒரு நியாயம், மருந்துக்கு ஒரு நியாயமா?

நம் முன்னோர் ஒரு ஹதீஸை ஏற்பதற்கு முன் யார் சொன்னார், யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தனரா, சொன்னவர் நினைவாற்றல் உள்ளவரா, நேர்மையாளரா என்று ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தார்கள். அழகான கருத்தாக இருந்தும், அறிவிப்பாளர் தொடரில் ஒருவர் பலவீனமானவர் என்பதற்காக ஒதுக்கப்பட்ட செய்திகள் ஆயிரமாயிரம். ஸனது கேட்பது நம் மார்க்கத்தின் பெருமை என்று மேடைதோறும் பேசுகிறோம்.

அதே நாம், உயிர் போகும் நோய்க்கு மருந்து என்று வரும் செய்தியில் யார் சோதித்தார், எத்தனை பேரிடம் சோதித்தார், எத்தனை பேருக்குக் குணமாகவில்லை என்று ஒரு வினாவும் எழுப்புவதில்லை. கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் பதிவாகியுள்ளது. இவை மருந்துச் செய்திக்குப் பொருந்தாது என்று நமக்கு விலக்களித்தவர் யார்?

ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணம் உண்டு என்ற நபிமொழியைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அதை நாமும் உளமார நம்புகிறோம். ஆனால் அந்தக் கருத்தில் வந்துள்ள அறிவிப்புகளில், அதை அறிந்தவர் அறிந்தார், அறியாதவர் அறியவில்லை என்ற பகுதியும் இருக்கிறது. நிவாரணம் இருக்கிறது என்பது வாக்குறுதி. எது நிவாரணம் என்று தேடிக் கண்டறிவது நம் மீதான கடமை. கையில் அகப்பட்ட இலையை நிவாரணம் என்று அறிவித்துவிடும் உரிமையை அந்த நபிமொழி எவருக்கும் வழங்கவில்லை.

ஏமாற்றுவதில் வல்ல நோய்

மூலிகையைப் பரப்புவோர் பெரும்பாலும் பொய்யர்கள் அல்லர். கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். மலேரியா கண்ணையே ஏமாற்றும் நோய் என்பதை அவர்கள் அறியவில்லை.

மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி சிவப்பணுக்களுக்குள் பெருகி, அவற்றை வெடித்து வெளியேறும்போது குளிரும் காய்ச்சலும் வருகின்றன. வைவாக்ஸ் வகையில் இது ஏறத்தாழ 48 மணிக்கு ஒரு முறை நிகழும். இடைப்பட்ட நாளில் நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பார். முதல் நாள் இரவு கஷாயம் கொடுத்தவர், மறுநாள் தணிந்த காய்ச்சலைக் கஷாயத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் காய்ச்சல் அன்று தணிந்திருக்கும்.

வைவாக்ஸுக்கு இன்னொரு தந்திரமும் உண்டு. அதன் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் எழும். ஒரு மாதம் கழித்து வரும் காய்ச்சலைப் புதுக் காய்ச்சல் என்று எண்ணிக்கொள்கிறோம். பழைய மருந்து தோற்றது நமக்குத் தெரிவதே இல்லை. மேலும், மலேரியா என்று நாம் நினைக்கும் காய்ச்சல்களில் பல மலேரியாவே அல்ல. தானாகவே தணியும் சாதாரணக் காய்ச்சலுக்கு இலைச்சாறு கொடுத்துவிட்டு மலேரியாவை வென்றதாகப் பறைசாற்றுவோர் எத்தனை பேர்!

ஃபால்சிபாரம் இவற்றினும் கொடியது. கடும் நோயில் ஒருவரின் உடலுக்குள் இலட்சம் கோடி ஒட்டுண்ணிகள் வரை இருக்கக்கூடும். அவற்றில் பத்தில் ஒன்பதைக் கொன்றாலும் நோயாளிக்குத் தெம்பு வந்ததுபோல் தோன்றும். மிஞ்சியவை மீண்டும் பெருகச் சில நாள்களே போதும். ஆகவே மலேரியாவில் 'குணமானார்' என்ற சொல்லுக்குக் கடுமையான அளவுகோல் உண்டு: மருந்து தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 28 நாள்கள் இரத்தத்தைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும். மூன்றாம் நாள் மகிழ்ச்சி சான்றாகாது.

நோபல் பரிசு எதற்குக் கிடைத்தது?

1967 மே 23 அன்று சீன அரசு '523 திட்டம்' என்ற மறைமுகப் பணியைத் தொடங்கியது. வியட்நாம் போரில் குண்டுகளோடு மலேரியாவும் படைவீரர்களை வீழ்த்திக்கொண்டிருந்த காலம் அது. 1969-இல் அதில் சேர்ந்த தூ யூயூ என்ற பெண்மணி, பெய்ஜிங்கில் உள்ள மரபு மருத்துவக் கழகத்தில் பணியாற்றியவர். அவருடைய குழு பழஞ்சுவடிகளிலிருந்தும் மருத்துவர்களிடமிருந்தும் 2,000-க்கும் மேற்பட்ட மருந்துமுறைகளைத் திரட்டியது. ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380-க்கும் மேற்பட்ட சாறுகளை எடுத்து, மலேரியா தொற்றிய எலிகளிடம் ஒவ்வொன்றாகச் சோதித்தது.

மரபில் புகழ்பெற்றிருந்த அந்த மூலிகைகளில் மிகப் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறவில்லை. சிங்ஹாவ் என்று சீனர் அழைக்கும் ஆர்டெமிசியா அனுவாவும் முதலில் தோற்றது. ஒரு முறை நல்ல பலன் தெரிந்தது. மறுமுறை செய்தபோது அது வரவில்லை. நம் குழுமங்களில் இருப்போர் அந்த முதல் முறையோடு செய்தியை அனுப்பியிருப்பார்கள். தூ யூயூ அனுப்பவில்லை. ஏன் மாறுகிறது என்று மீண்டும் சுவடிகளுக்குச் சென்றார். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங் என்பவரின் மருத்துவ நூலில், இம்மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும் முறை இருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபர் 4 அன்று, 191-ஆம் எண்ணிட்ட சாறு சோதனை விலங்குகளில் ஒட்டுண்ணியை முழுமையாக ஒழித்தது.

அதன் பின்னும் நோயாளிகளிடம் ஓடிவிடவில்லை. 1972-இல் தூ யூயூவும் உடன் பணியாற்றியவர்களும் முதலில் தாங்களே அச்சாற்றை அருந்தி, நஞ்சு இல்லை என்று பார்த்துக்கொண்டனர். அதற்குப் பிறகே ஹைனான் தீவில் 21 நோயாளிகளுக்குக் கொடுத்தனர். அவ்வாண்டின் இறுதியில் செயல்படும் பொருளைத் தனியே படிகமாகப் பிரித்தனர்; அதுவே ஆர்டெமிசினின். மறு ஆண்டு மாத்திரையாகச் செய்து கொடுத்தபோது பலன் எதிர்பார்த்தபடி இல்லை. ஆராய்ந்ததில், மாத்திரை வயிற்றில் சரியாகக் கரையவில்லை என்று தெரிந்தது. கூட்டுக்குள் அடைத்துக் கொடுத்தபோது பலன் வந்தது. பொருள் அதுவே, கொடுத்த வடிவம் மாறியதால் உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் மாறியது.

2015-ஆம் ஆண்டின் நோபல் பரிசு இந்தப் பொறுமைக்குக் கிடைத்தது. அதை ஒரு தேநீர்ப் பொட்டலத்தின் மேல் ஒட்டி விற்பது அவருக்குச் செய்யும் அவமதிப்பு. வாங்குபவருக்குச் செய்யும் துரோகம்.

கஷாயம் ஏன் போதாது?

மருந்து அந்தச் செடியில்தானே இருக்கிறது, இலையைக் காய்ச்சிக் குடித்தால் என்ன என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வியே. விடை இதுதான்.

முதலாவது, ஆர்டெமிசினின் நீரில் எளிதில் கரையாது. இரண்டாவது, விதை, மண், அறுவடைக் காலம், உலர்த்திய முறை ஆகியவற்றுக்கேற்ப இலையில் அதன் அளவு பல மடங்கு வேறுபடும். ஒரு குவளையில் எவ்வளவு இருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது. மூன்றாவது, அது சில மணி நேரத்திலேயே உடலைவிட்டு நீங்கிவிடும். ஆகவேதான் நீண்ட நேரம் தங்கும் இன்னொரு மருந்துடன் சேர்த்தே ஆர்டெமிசினின் வகை மருந்துகளைக் கொடுக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. நான்காவது, செடியே சரியான செடிதானா என்பது. நம் பூக்கடைகளில் மணக்கும் மரிக்கொழுந்தும் ஆர்டெமிசியா பேரினத்தைச் சேர்ந்ததே. குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாகிவிடாது.

இது ஊகமன்று, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசில் 132 நோயாளிகளிடம் ஆர்டெமிசியாக் கஷாயத்தையும் குயினைனையும் ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்டனர். ஏழாம் நாளில் கஷாயம் குடித்தவர்களில் சராசரியாக 100-க்கு 74 பேர் குணமடைந்திருந்தனர். குயினைனில் 91 பேர். ஆனால் பின்வந்த நாள்களில் கஷாயம் குடித்தவர்களில் மிகப் பலருக்கு ஒட்டுண்ணி திரும்பிவிட்டது. ஏழாம் நாளோடு கணக்கை மூடுபவர் 74 என்ற எண்ணைக் கொண்டாடுவார். கஷாயம் மாத்திரையை வென்றதாகக் காங்கோவிலிருந்தே வெளியான மற்றொரு பெரிய ஆய்வை, அதை வெளியிட்ட இதழே பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ஆய்வு இன்றும் நம் குழுமங்களில் உலவுகிறது. திரும்பப் பெற்ற செய்தி மட்டும் உலவுவதில்லை.

குறைந்த அளவு மருந்து நோயாளியோடு நின்றுவிடும் தீங்கும் அன்று. சாகாமல் தப்பிய ஒட்டுண்ணிகள் மருந்துக்குப் பழகிக்கொள்ளக்கூடும். ஆர்டெமிசினினுக்கு எளிதில் அடங்காத ஒட்டுண்ணிகள் முதலில் கம்போடியாவின் மேற்கில் தென்பட்டன. இப்போது கிழக்கு ஆப்பிரிக்காவிலும் உறுதியாகியுள்ளன. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் மட்டும் மலேரியாவால் 5,97,000 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அக்குழந்தைகளுக்கு எஞ்சியிருக்கும் மருந்தை நம் அலட்சியத்தால் மழுங்கச் செய்ய நமக்கு உரிமை இல்லை.

மூலிகையை இகழ்வோருக்கும் ஒரு சொல்

இதுவரை படித்துவிட்டு, நாட்டு மருந்தெல்லாம் வீண் என்று புன்னகைக்கும் படித்தவர்களுக்கும் நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. உங்கள் புன்னகையும் சோதனை செய்யாமல் வந்ததே.

மலேரியாவுக்கு மனிதகுலம் பெற்ற இரு பெரும் மருந்துகளும் செடிகொடிகளிலிருந்து வந்தவை. ஒன்று ஆர்டெமிசினின். மற்றொன்று, தென் அமெரிக்க மலைகளின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-இல் பாரிஸில் பிரித்தெடுக்கப்பட்ட குயினைன். இந்தச் சின்கோனாவைப் பின்னர் நம் நீலகிரியில் பயிரிட்டார்கள். அந்தப் பட்டையில் குயினைனோடு வேறு மூன்று காரப்பொருள்களும் உண்டு. விலையுயர்ந்த குயினைன் மட்டுமே வேலை செய்யுமா, மலிவான மற்றவையும் செய்யுமா? இதையறிய 1866 முதல் 1868 வரை மதராஸ் சின்கோனா ஆணையம் ஏறத்தாழ 3,600 நோயாளிகளிடம் நான்கையும் சோதித்தது. நான்கும் ஒன்றுக்கொன்று குறையாமல், 100-க்கு 98-க்கும் மேற்பட்டோரின் காய்ச்சலை நிறுத்தின. ஏழைக்கு எட்டும் மருந்து உண்டு என்று காட்டியது சோதனைதான். எவருடைய சத்தியமும் அன்று.

மாலி நாட்டை இன்னொரு சான்றாகச் சொல்வோம். மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களாக வாழும் அந்நாட்டில், ஆய்வாளர்கள் கிராமங்களுக்குச் சென்று வீடு வீடாகக் கேட்டார்கள்: பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது எந்தச் செடியைக் கொடுத்தீர்கள், பிறகு என்ன ஆயிற்று? செடியின் புகழைக் கேளாமல் விளைவைக் கேட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பல செடிகளுக்கிடையில் மேலே வந்தது ஆர்கெமோனே மெக்சிகானா. நம் ஊர்ச் சாலையோரங்களில் முள்ளும் மஞ்சள் பூவுமாய் நிற்கும் பிரம்மதண்டுதான் அது. எவ்வளவு கொடுத்தால் பலன் தெரிகிறது என்று அளவைப் படிப்படியாகக் கண்டறிந்தார்கள். பின்னர் 301 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்குப் பிரம்மதண்டுக் கஷாயமும் மறு சாராருக்கு ஆர்டிசுனேட்-அமோடியாகுயின் மாத்திரையும் கொடுத்தார்கள். 28 நாள்களில் கஷாயக் குழுவில் 100-க்கு 89 பேருக்கும், மாத்திரைக் குழுவில் 95 பேருக்கும் அடுத்த கட்ட மருந்து தேவைப்படவில்லை.

இதைப் படித்ததும் சாலையோரம் ஓடி இலை பறிக்க எண்ணுவோருக்கு மூன்று செய்திகள். அந்தக் கஷாயம் பலரிடம் ஒட்டுண்ணியை முற்றாக ஒழிக்கவில்லை. நோய் கடுமையாகாமல் தடுத்தது. பிறந்தது முதல் மலேரியாவோடு வாழ்ந்து ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்ற மக்களிடம் கிடைத்த பலன் அது. ஒரு முறை பயணம் சென்று வந்த நம் பிள்ளைக்கு அந்த எதிர்ப்பாற்றல் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதே பிரம்மதண்டின் விதையெண்ணெய் நஞ்சு. 1998-இல் தில்லியில் கடுகெண்ணெயில் அது கலந்ததால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உடல் வீங்கி இறந்தனர். ஒரே செடியின் ஒரு பகுதி உதவுகிறது, மற்றொரு பகுதி கொல்கிறது. இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்று பேசுவோர் இதற்கு என்ன மறுமொழி வைத்திருக்கிறார்கள்?

சோதனை சில வேளை கசப்பான விடையும் தரும். நம் நாட்டில் மலேரியாவுக்கென்றே நான்கு மூலிகைகளைச் சேர்த்து உருவாக்கிய 'ஆயுஷ்-64' என்ற மருந்தை வைவாக்ஸ் நோயாளிகளிடம் குளோரோகுயினோடு ஒப்பிட்டு, 2000-ஆம் ஆண்டு வெளியிட்டனர். 28-ஆம் நாளில் குளோரோகுயின் பெற்ற அனைவரும் குணமாயிருக்க, மூலிகை மருந்து பெற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேரே குணமாயினர். அதை வெளியிட்டவர்கள் மரபின் பகைவர்கள் அல்லர். உண்மையைச் சொன்னதால் அந்த மறுபாதியினரைப் போன்ற எத்தனையோ பேருக்கு நன்மை செய்தவர்கள்.

குப்பிக்குள் செத்தது மட்டும் போதாது

அண்மைக் காலமாக வேறொரு வகைச் செய்தியும் வருகிறது. இன்ன கல்லூரியில் இன்ன இலை மலேரியாவைக் கொன்றது என்று நாளிதழில் வந்த துணுக்கைக் காட்டுவார்கள். அத்துணுக்கின் பொருளைப் புரிந்துகொள்வது நல்லது.

மலேரியா ஒட்டுண்ணியை மனிதச் சிவப்பணுக்களோடு ஆய்வகத்தில் வளர்க்கும் முறை 1976 முதல் உண்டு. அதில் இலைச்சாற்றை விட்டு ஒட்டுண்ணி சாகிறதா என்று பார்ப்பது முதற்படி. நிலவேம்பு, வேம்பு உள்ளிட்ட பல செடிகளின் சாறுகள் அந்தப் படியில் ஏதோவோர் அளவு பலன் காட்டியுள்ளன. ஆனால் குப்பியில் சோப்பு நீரை ஊற்றினாலும் ஒட்டுண்ணி சாகும். அதற்காக அதைக் குடிக்க முடியுமா? ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவு மனித உயிரணுவைக் கொல்லாமல் இருக்க வேண்டும். குடித்த மருந்து குடலில் சிதையாமல், கல்லீரலைத் தாண்டி, இரத்தத்தில் போதிய அளவு சேர வேண்டும். தொற்றிய எலிக்குப் பலன் தர வேண்டும். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கருவுக்கும் கேடு செய்யக் கூடாது. பிறகு நலமுள்ள சிலர், பிறகு நோயாளிகள் சிலர், பிறகு பலர் என்று வளர்ந்து, இருக்கும் மருந்தோடு நேர்மையாக ஒப்பிடப்பட வேண்டும். முதற்படியில் நிற்கும் பல்லாயிரம் சாறுகளில் கடைசிப் படியை எட்டியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதற்படியை வீடு என்று விளம்பரம் செய்யும் ஆய்வாளரும், அதை அச்சிடும் இதழாளரும், அதைப் பரப்பும் நாமும் இதில் கூட்டாளிகள்.

நம் மரபு எது?

இது மேற்கத்தியர் வகுத்த முறை, நமக்கு நம் மரபு போதும் என்று சிலர் கூறுவார்கள். எந்த மரபைச் சொல்கிறார்கள்? பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அர்ராஸி, மூளைக் காய்ச்சலுக்கு இரத்தம் வெளியேற்றுவது பயன் தருகிறதா என்று அறிய, ஒரு சாராருக்கு அதைச் செய்து மறு சாராரை வேண்டுமென்றே செய்யாமல் விட்டு ஒப்பிட்டதைத் தம் பெருநூலில் குறித்துவைத்தார். இப்னு ஸீனா, 'அல்கானூன்' நூலின் இரண்டாம் பகுதியில் மருந்தைச் சோதிப்பதற்கு ஏழு நிபந்தனைகளை வகுத்தார். மருந்து கலப்பற்றதாக இருக்க வேண்டும்; நோய் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்; பலன் எப்போதும், அல்லது பெரும்பாலும் வர வேண்டும்; விலங்கிடம் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்தக் கூடாது, மனித உடலிலேயே சோதிக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. தில்லி திப்பிய்யாக் கல்லூரியில் பணியாற்றிய ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி, சர்ப்பகந்தா வேரிலிருந்து 1931-இல் பிரித்தெடுத்த பொருளுக்குத் தம் ஆசான் ஹகீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். யூனானி மருத்துவரின் பெயரைத் தாங்கி வேதியியல் நூல்களில் நிற்கும் பொருள் அது. இதுவே நம் மரபு. சோதிக்காமல் நம்புவதை நம் மரபு என்று சொல்பவர் அப்பெரியோர்களின் மீது பழி சுமத்துகிறார்.

மருந்து நிறுவனங்கள் இலாபத்துக்காக மறைக்கின்றன என்ற வாதத்தில் ஒரு துளி உண்மை உண்டு. இலாபம் தராத நோய்களுக்கு அவர்கள் பணம் செலவிடத் தயங்குவது உலகறிந்தது. அதற்குரிய மறுமொழி, மாலியைப் போலப் பொதுப் பணத்தில் வெளிப்படையாகச் சோதிப்பது. சோதனையையே கைவிடுவது மறுமொழி ஆகாது. ஆர்டிசுனேட் ஊசியை 2005-இல் வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மர் ஆகிய நாடுகளில் 1,461 நோயாளிகளிடம் குயினைனோடு ஒப்பிட்டார்கள். குயினைன் பெற்றவர்களில் 100-க்கு 22 பேர் இறந்தனர். ஆர்டிசுனேட் பெற்றவர்களில் 15 பேர். முந்நூறு ஆண்டுப் புகழ்பெற்ற சின்கோனாவின் மருந்தையே இன்னொரு மூலிகையின் மருந்து சோதனைக் களத்தில் வென்றது. புகழுக்கு அங்கே சலுகை இல்லை. நம் முஹல்லா இளைஞரை மீட்டது அந்த நேர்மை.

பொறுப்பு நம் கழுத்தில்

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே ஈடு செய்யப் பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸாயீ முதலிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. கைப்பேசியில் ஒரு மருந்தை அனுப்புபவரும் அந்நேரம் மருத்துவம் செய்பவரே என்று நாம் கருதுகிறோம். கெட்ட எண்ணம் இல்லை என்பது அல்லாஹ்விடம் மன்னிப்புக்கு உதவலாம். கண்கள் மஞ்சளான பிள்ளைக்கு உதவாது.

ஆகவே நம் குடும்பங்களிடம் நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவே. மலேரியா உள்ள ஊரிலோ, அத்தகைய நாட்டுக்குச் சென்று வந்த பின்னரோ காய்ச்சல் கண்டால் அன்றே இரத்தச் சோதனை செய்யுங்கள். சென்ற நாட்டின் பெயரை மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மலேரியாச் சோதனையும் மருந்தும் இலவசம். வைவாக்ஸ் என்றால், கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணிக்காக மருத்துவர் ஆய்ந்து தரும் 14 நாள் மாத்திரையை, மூன்றாம் நாள் தெம்பு வந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். மருந்தோடு கஞ்சியும் கஷாயமும் வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். மருந்துக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். தவறான செய்தியை அனுப்பியிருந்தால், அனுப்பிய ஒவ்வொரு குழுமத்திலும் அது தவறு என்று எழுதுங்கள். ஜும்ஆ அறிவிப்பில் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குமாறு ஜமாஅத்தாரை வேண்டுகிறோம்.

பாட்டியின் சுவடியையோ ஹகீமின் குறிப்பேட்டையோ வைத்திருக்கும் குடும்பங்கள் அதை எரிக்க வேண்டாம், பதுக்கவும் வேண்டாம். தாவரவியலும் மருந்தியலும் படிக்கும் நம் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். அதில் உள்ளவற்றில் பல தோற்கலாம். ஒன்று தேறினாலும் அது பல உயிர்களுக்கு ஸதக்கத்துல் ஜாரியாவாக நிலைக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் முஹல்லாவில் அந்தச் செய்தியை முதலில் அனுப்பிய பெரியம்மா, இளைஞர் வீடு திரும்பிய நாளில் எல்லாக் குழுமங்களுக்கும் தம் குரலிலேயே ஒரு பதிவை அனுப்பினார். தாம் அறியாமல் அனுப்பியதையும், பிள்ளை எந்த மருந்தால் பிழைத்தான் என்பதையும் அழுதுகொண்டே சொன்னார். அந்தப் பதிவு முந்தைய செய்தி சென்ற தூரம் செல்லவில்லை. அதைச் செல்ல வைக்கும் வேலை நம்முடையது.

கேட்டதை விசாரித்து அறியும் நிதானத்தையும், அறிந்ததை மறைக்காமல் சொல்லும் நேர்மையையும், நோயுற்ற ஒவ்வொருவருக்கும் முழுமையான ஷிஃபாவையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.